கண்ணாடிக் குடுவை என்ன சொல்கிறது? அலங்கார வடிவமைப்பில் கண்ணாடிப் பாத்திரங்களைப் பொருளோடு பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சாதாரணக் கண்ணாடிக் குடுவையில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, காலை வெயில் விழும் ஜன்னல் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். குடுவையின் வயிற்றுக்குள் ஜன்னல் தலைகீழாகத் தெரியும். வெயில் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், மேசைமேல் ஒரு வெளிச்சத் திட்டு நெளியும். கொஞ்ச நேரம் கழித்து அதே குடுவையைக் காலி செய்து, துடைத்து, வெளிச்சம் எட்டாத மூலையில் சுவரை ஒட்டி வையுங்கள். பொருள் அதேதான். ஆனால் சற்று முன் நிறைவாக இருந்தது, இப்போது யாரோ விட்டுவிட்டுப் போனதைப் போல நிற்கும்.

கண்ணாடிப் பாத்திரங்களை வைத்து அலங்காரம் செய்பவர்கள் பெரும்பாலும் வடிவத்திலிருந்து தொடங்குகிறார்கள். எந்த ஜாடி அழகு, எந்தக் கோப்பை உயரம், எந்த நிறம் சுவருக்குப் பொருந்தும் என்றுதான் யோசனை ஓடுகிறது. நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். இப்போது வரிசையை மாற்றிக்கொண்டுவிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்பது முதலில். பாத்திரம் நிறைந்திருக்கிறதா, காலியா, கவிழ்ந்திருக்கிறதா என்பது அடுத்து. அப்புறம் வெளிச்சம். வடிவமும் நிறமும் அதற்குப் பிறகுதான். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது. அறையின் ஒரு மூலையை அலங்கரிக்க, சுவர் ஓவியம் தீட்ட, துணியில் அச்சிட, கண்ணாடியில் செதுக்க, அழைப்பிதழில் வரைய என எதற்கும் இது பொருந்தும்.

தொடங்கும் முன்: கண்ணாடிக்கு மட்டும் உள்ள மூன்று குணங்கள்

நிறைகுடம் தளும்பாது என்கிறோம். அது மண்குடத்துக்கும் பித்தளைக் குடத்துக்கும் சொன்ன பேச்சு. அவை நிறைந்திருக்கிறதா என்று அறிய ஆட்டிப் பார்க்க வேண்டும், தட்டிப் பார்க்க வேண்டும், சத்தத்தைக் கேட்க வேண்டும். கண்ணாடிக்கு அது தேவையில்லை. உள்ளே எவ்வளவு இருக்கிறது, தெளிவாக இருக்கிறதா, கலங்கியிருக்கிறதா எல்லாம் வெளியே தெரியும். இது முதல் குணம். வெளிச்சம் அதன் ஊடாகப் போகும், போகும்போது வளைந்து நிறம் வாங்கிக்கொள்ளும் என்பது இரண்டாவது. கை தவறினால் உடையும் என்பது மூன்றாவது.

கண்ணாடிப் பாத்திரத்தின் மேல் மனிதர்கள் ஏற்றிவைத்த குறியீடுகளைத் தேடிப் போனால், அநேகமாக எல்லாமே இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் முளைத்திருக்கின்றன. உங்கள் வடிவமைப்பில் கண்ணாடிக்குப் பதில் மண்பானை இருந்தாலும் பொருள் மாறாது என்றால், அந்த இடத்தில் கண்ணாடிக்கு இன்னும் வேலை கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு தாளில் ஒரே ஒரு சொல் எழுதுங்கள். தூய்மை, ஒளி, நிலையாமை, நற்பேறு, நினைவு என எதுவானாலும் சரி, ஒன்றுதான். இரண்டு எழுதினால் ஒன்றை அடித்துவிடுங்கள். எது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் தேர்வு சுலபமாகும்.

தூய்மைக்குப் பழைய உதாரணம் ஐரோப்பியச் சமய ஓவியங்களில் இருக்கிறது. ஃப்ளாரன்ஸ் நகரின் சான் லொரென்சோ தேவாலயத்தில் ஃபிலிப்போ லிப்பி 1440 வாக்கில் தீட்டிய ஓவியம் ஒன்று உண்டு. தேவதூதர் மரியாளிடம் செய்தி சொல்லும் காட்சி. படத்தின் முன்விளிம்பில், தரையில் வெட்டியதுபோல் ஒரு சின்னக் குழி. அதில் தண்ணீர் உள்ள ஒரு கண்ணாடிக் குடுவை. கதையில் அந்தக் குடுவைக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் அன்றைய பார்வையாளருக்கு அது புரிந்தது. ஒளி கண்ணாடியை உடைக்காமல் ஊடுருவிப் போவதைப் போல, கன்னிமை கெடாமல் கரு உண்டாயிற்று என்று இடைக்கால சமயப் பேச்சில் சொல்லிவந்தார்கள். அந்த முழு உவமையையும் ஒரு குடுவை தாங்கி நிற்கிறது.

ஒளிக்கு, எகிப்தை மாம்லுக் சுல்தான்கள் ஆண்ட காலத்துக் கெய்ரோ பள்ளிவாசல் விளக்குகளைப் பாருங்கள். 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஊதிச் செய்த கண்ணாடி, மேலே எனாமலும் தங்கப் பூச்சும். குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்தில் 35ஆம் வசனம் இறைவனின் ஒளியை, ஒரு மாடத்தில் இருக்கும் விளக்குக்கும், அந்த விளக்கைச் சுற்றியுள்ள, நட்சத்திரம் போல ஜொலிக்கும் கண்ணாடிக்கும் ஒப்பிடுகிறது. அந்த வசனத்தையே பல விளக்குகளின் கழுத்தில் எழுதினார்கள். உள்ளே திரி எரியும்போது எழுத்துகளைச் சுற்றிய கண்ணாடி ஒளிரும். எழுதிய வாக்கியம் எதைச் சொல்கிறதோ அதை அந்தப் பாத்திரமே செய்து காட்டுகிறது. கண்ணாடியில் பொருளையும் வடிவத்தையும் இணைத்ததில் இதைவிடச் சிறந்த வேலையை நான் பார்த்ததில்லை.

நற்பேறுக்கு ஈடன்ஹால் கோப்பை. இடைக்காலத்தில் சிரியா அல்லது எகிப்துப் பகுதியில் செய்யப்பட்டு, எப்படியோ இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, மஸ்கிரேவ் குடும்பத்தின் ஈடன் ஹால் மாளிகையில் தலைமுறை தலைமுறையாகத் தோல் உறைக்குள் பாதுகாக்கப்பட்டது. அது உடைந்தால் அந்த வீட்டின் அதிர்ஷ்டமும் போய்விடும் என்பது நம்பிக்கை. மாளிகையை 1934இல் இடித்துவிட்டார்கள். கோப்பை இன்றும் முழுசாக லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுலபமாக உடையக்கூடிய ஒன்று உடையாமல் இருப்பதுதான் அங்கே அதிசயம். கல்லில் செய்த கோப்பைக்கு இந்தக் கதை ஒட்டியிருக்காது.

நிலையாமையையும் நினைவையும் கீழே அந்தந்தப் படிகளில் பார்க்கலாம்.

இரண்டாம் படி: பாத்திரத்தின் நிலையை முடிவு செய்யுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. நிலை மாறினால் பொருள் தலைகீழாகிவிடும்.

*விளிம்புவரை நிறைந்தது.* செழிப்பு, ஆனால் பதற்றமும் கூட. விளிம்பைத் தொட்ட தண்ணீரைப் பார்த்தால் மனம் தானாகவே சிந்துமோ என்று காத்திருக்கும். அமைதியான நிறைவு வேண்டுமென்றால் விளிம்பிலிருந்து பாத்திர உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இறக்கி நீர்மட்டத்தை வையுங்கள்.

*வழிவது.* கொடை, வற்றாமை. இது கண்ணாடிக்கும் முந்தைய குறியீடு. மெசபடோமியாவில், லகாஷ் அரசர் குடியாவின் காலத்தில், அதாவது 4,000 ஆண்டுகளுக்கும் முன்பு, கையில் ஏந்திய குடத்திலிருந்து இருபுறமும் நீர் வழியும் உருவத்தைக் கல்லில் செதுக்கினார்கள். வழியும் நீரை ஓவியத்தில் காட்டலாம், அச்சில் காட்டலாம். நிஜப் பாத்திரத்தில் முயல வேண்டாம். விளிம்பைத் தாண்டித் தொங்கும் கொடியோ பூங்கொத்தோ அதே வேலையைச் செய்யும்.

*பாதி.* இதை யோசிக்காமல் பயன்படுத்துகிறவர்கள் அதிகம். பாதி நீர் என்பது நடுவில் நிற்கும் நேரம்: யாரோ குடித்துக்கொண்டிருக்கிறார்கள், அல்லது பூ நீரை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. வாழும் வீடு, நடந்துகொண்டிருக்கும் வேலை என்று காட்ட இது நல்லது. ஆனால் நீர்மட்டம் சரியாக நடுவில் விழுந்தால் பாத்திரம் இரண்டாக வெட்டுப்பட்டதுபோல் இருக்கும். சற்று மேலோ சற்றுக் கீழோ தள்ளிவிடுங்கள்.

*காலி, நிமிர்ந்து நிற்பது.* காத்திருப்பு, ஏற்றுக்கொள்ளும் மனம். வாய் மேல்நோக்கி, சுத்தமாக இருந்தால் அப்படி. தூசு படிந்திருந்தால் புறக்கணிப்பு என்றுதான் பொருள்படும். காலிப் பாத்திரத்துக்குச் சுத்தம் ரொம்ப முக்கியம்.

*கவிழ்ந்து கிடப்பது.* 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் இதை ஒரு மொழியாகவே வைத்திருந்தார்கள். பீட்டர் கிளாஸ் 1628இல் தீட்டிய ஓவியம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு மண்டையோடு, ஒரு இறகுப் பேனா, அணைந்த விளக்கு, பக்கத்தில் சாய்ந்து கிடக்கும் தடித்த காம்புள்ள கண்ணாடிக் கோப்பை. கோப்பையின் வளைவில் ஒரு ஜன்னலின் வெளிச்சம் மின்னுகிறது. எல்லாம் முடிந்துபோன மேசையில் அந்த மினுக்கம் மட்டும் இன்னும் அணையவில்லை. நிலையாமையைச் சொல்ல மண்டையோடே போதும். ஆனால் அந்த ஒளித்துண்டுதான் என் கண்ணை மறுபடி மறுபடி இழுக்கிறது.

*உடைந்தது.* கவனமாகக் கையாள வேண்டிய நிலை. யூதத் திருமணத்தில் மணமகன் ஒரு கண்ணாடிக் கோப்பையைக் காலால் மிதித்து உடைப்பார். எருசலேம் ஆலயத்தின் அழிவை மகிழ்ச்சியின் நடுவிலும் நினைவுகூர்வதாக அதற்கு விளக்கம் சொல்வார்கள். வேறு சில இடங்களிலோ உடைந்த கண்ணாடி கெட்ட சகுனம். உங்கள் பார்வையாளர் யார் என்று தெரியாமல் உடைந்த பாத்திரத்தை வடிவமைப்பில் வைக்காதீர்கள். ஒட்டியது என்பது இன்னொரு கதை. பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ரோமானியர் காலத்துப் போர்ட்லாந்து ஜாடியை 1845இல் ஒரு பார்வையாளர் சுக்குநூறாக்கினார். அந்த வருடமே ஒட்டினார்கள், 1940களில் பிரித்து மறுபடி ஒட்டினார்கள், 1980களில் இன்னொரு முறை. உடைந்த கண்ணாடி ஒட்டாது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே, அதை அந்த ஜாடி மூன்று முறை மறுத்திருக்கிறது. மீட்சியைச் சொல்ல விரும்பினால் ஒட்டுக்கோடு தெரியட்டும். மறைத்துவிட்டால் சொல்ல வந்தது தெரியாமல் போய்விடும்.

*மூடியிட்டது.* நினைவு, பாதுகாப்பு, இரகசியம். மூடிய கண்ணாடியில் ஒரு வினோதம் உண்டு: கண்ணுக்குத் திறந்திருக்கிறது, கைக்கு மூடியிருக்கிறது. மறைந்த ஒருவரின் கடிதத்தையோ, ஒரு பயணத்தில் எடுத்துவந்த மணலையோ மூடியிட்ட ஜாடியில் வைக்கும்போது மனம் கனப்பது இதனால்தான்.

மூன்றாம் படி: வெளிச்சத்தை எங்கிருந்து விடுவது

பிரிட்டிஷ் மியூசியத்திலேயே லைகர்கஸ் கோப்பை என்று ஒன்று இருக்கிறது. ரோமானியர்கள் 4ஆம் நூற்றாண்டில் செய்தது. முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் பச்சை. உள்ளிருந்தோ பின்னாலிருந்தோ வெளிச்சம் வந்தால் மாணிக்கச் சிவப்பு. கண்ணாடிக்குள் கலந்திருக்கும் மிக நுண்ணிய தங்க, வெள்ளித் துகள்கள்தான் காரணம். கோப்பையைச் சுற்றிச் செதுக்கியிருப்பது, திராட்சை மதுவின் கடவுளை எதிர்த்த அரசன் திராட்சைக் கொடியில் சிக்கித் தவிக்கும் காட்சி. பச்சைக் காய் பழுத்துச் சிவப்பதைப் போல அந்தப் பாத்திரமும் நிறம் மாறுகிறது. அதை முன்வெளிச்சத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் போனவர் பாதிக் கதையோடுதான் திரும்பியிருப்பார்.

உங்கள் பாத்திரம் நிறம் மாறாது. ஆனால் அதன் குணம் மாறும். கண்ணாடியைப் படம் பிடிப்பவர்கள் நன்றாக அறிந்த ஒரு விதி இருக்கிறது. பின்புலம் வெளிச்சமாக இருந்தால் கண்ணாடியின் விளிம்புகள் கருங்கோடாகத் தெரியும். பின்புலம் இருட்டாக இருந்து பக்கவாட்டில் வெளிச்சம் வந்தால் விளிம்புகள் வெள்ளிக்கோடாக ஒளிரும். முதலாவது அமைதி, தெளிவு, பகல். இரண்டாவது மர்மம், விழா, இரவு. தூய்மையைச் சொல்ல வந்தவர் பாத்திரத்தைக் கறுப்புச் சுவர் முன்னால் வைத்தால் அது கோயில் விளக்கைப் போல ஜொலிக்குமே தவிர, சொல்ல வந்தது வராது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் நிறைந்த உருண்டைக் குடுவை ஒரு பூதக்கண்ணாடி. நேர் வெயிலில் நாள் முழுக்க வைத்தால், எதிர்ப்பக்கம் குவியும் வெளிச்சம் துணியையோ தாளையோ கருக்கிவிடும், தீப்பிடிக்கவும் கூடும். திரை, புத்தகம், காய்ந்த பூ எதுவும் அந்த வெளிச்சத் திட்டு விழும் வழியில் இருக்கக் கூடாது. காலை வெயில் மட்டும் எட்டும் இடம், அல்லது மெல்லிய திரைக்குப் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: வடிவம்

பாத்திரத்தின் உறுப்புகளை நாம் உடலை வைத்தே சொல்கிறோம்: வாய், கழுத்து, தோள், வயிறு, கால். வடிவத்தின் பொருளும் அங்கிருந்துதான் வருகிறது. அகன்ற வாய் கொடுக்கும், வாங்கும். ஒடுங்கிய கழுத்து காக்கும், சொட்டுச் சொட்டாகத் தரும். அத்தரும் மருந்தும் அப்படிப்பட்ட குப்பிகளில்தான் இருந்தன. காலும் காம்பும் வைத்துத் தூக்கி நிறுத்திய கோப்பைக்குச் சடங்கின் மிடுக்கு வந்துவிடும். தரையோடு ஒட்டிய கிண்ணம் வீட்டுப் பொருளாகவே இருக்கும். உயரமும் ஒல்லியுமான குடுவை தனிமையைக் காட்டும், இரண்டாக வைத்தால்கூட.

வெளிக்கோடு ஒன்றே எவ்வளவு பேசும் என்பதற்கு ஈரானின் இஸ்ஃபஹான் நகரில், அலி காப்பூ அரண்மனையில் உள்ள இசை அறையைச் சொல்வேன். 17ஆம் நூற்றாண்டு வேலை. சுவரிலும் கூரையிலும் குடுவை, ஜாடி, கிண்ண வடிவங்களைச் சாந்தில் துளையாகவே வெட்டியிருக்கிறார்கள். அங்கே பாத்திரம் இல்லை, பாத்திரத்தின் வடிவத்தில் காற்றுதான் இருக்கிறது. அந்த வெற்றிடங்கள் இசையின் எதிரொலியைக் குறைக்கவும் உதவியதாகச் சொல்கிறார்கள். ஆக்ராவில் 1620களில் கட்டப்பட்ட இதிமாத்-உத்-தௌலா கல்லறையிலும் சலவைக்கல்லில் பதித்த குடுவைகளும் கோப்பைகளும் பூச்சாடிகளும் சைப்ரஸ் மரங்களும் நிறைந்திருக்கின்றன. கல்லறையில் மதுக்குடுவை என்பது சொர்க்கத் தோட்டத்தின் நினைப்பு. ஆக, ஸ்டென்சிலோ சுவர்மாடமோ செய்யும்போது கண்ணாடியின் பளபளப்பையெல்லாம் கொண்டுவரத் தவிக்க வேண்டாம். நல்ல வெளிக்கோடு போதும்.

வடிவத்துக்குத் தரும் பொருள் உங்கள் கையில் முழுக்க இல்லை என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஃபின்லாந்தின் ஆல்வார் ஆல்டோ 1936இல் வரைந்த, அலையலையாய் நெளியும் விளிம்புள்ள பூச்சாடி உலகப் புகழ் பெற்றது. பார்க்கிறவர்கள் அதில் ஏரிக்கரையைக் கண்டார்கள். ஆல்டோ என்ற பெயருக்கே ஃபின்னிஷ் மொழியில் அலை என்று பொருள் என்பதால் அந்த வாசிப்பு இன்னும் உறுதியானது. ஆனால் போட்டிக்கு அனுப்பிய வரைபடங்களுக்கு அவர் வைத்த தலைப்பு, எஸ்கிமோப் பெண்ணின் தோல் காற்சட்டை. வரைந்து முடித்ததும் நாலு பேரிடம் காட்டி, "இது உங்களுக்கு என்ன ஞாபகப்படுத்துகிறது?" என்று கேளுங்கள். உங்கள் சொல்லை முதலில் சொல்லிவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: நிறம்

நிறமற்ற கண்ணாடி இயல்பாகக் கிடைப்பதில்லை. மணலில் உள்ள இரும்பு அதைப் பச்சையாக்கும். 15ஆம் நூற்றாண்டின் நடுவில் வெனிஸின் முரானோ தீவில் ஆஞ்சலோ பரோவியர் மாங்கனீசு சேர்த்து அந்தப் பச்சையைப் போக்கி, பளிங்கைப் போன்ற கண்ணாடியைச் செய்தார். நிறமின்மை அன்று பெரும் சாதனை, செல்வத்தின் அடையாளம். அதனால்தான் தெளிந்த கண்ணாடியைப் பார்த்தால் இன்றும் நேர்த்தி என்று தோன்றுகிறது. இளம்பச்சை படிந்த, உள்ளே குமிழ் உள்ள கண்ணாடியைப் பார்த்தால் கைவேலை, மண்வாசம் என்று தோன்றுகிறது. இரண்டையும் ஒரே அலமாரியில் கலந்து வைத்தால் ஒன்று மற்றதன் பேச்சைக் கெடுக்கும்.

நீலம் மிகப் பழைய மரியாதைக்குரிய நிறம். ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன், ஊதுகுழல் முறை வருவதற்கு வெகுகாலம் முன்பே, எகிப்தியர்கள் களிமண் கருவின்மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றிச் சிறு குப்பிகள் செய்தார்கள். அவற்றின் அடர்நீலமும் வான்நீலமும் லாபிஸ் லசுலி, டர்க்காய்ஸ் போன்ற அருங்கற்களின் சாயல். ஆழம், வானம், அரிது என்ற மூன்றும் இன்றும் நீலக் கண்ணாடியோடு வருகின்றன. தங்கம் சேர்த்து வரவழைக்கும் சிவப்பு 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் யோஹான் குன்கெல் கையில் புகழ்பெற்றது. அது உயிர், ரத்தம், அரச மேன்மை. பழுப்பு நிறம் மருந்துக் குப்பியை ஞாபகப்படுத்தும், அதை மறைக்க முடியாது. குணப்படுத்தல் உங்கள் பொருளானால் அதுவே வரம். பால்வெள்ளைக் கண்ணாடி ஒளியை விடும், உள்ளே இருப்பதைக் காட்டாது. சொல்லாமல் வைத்திருப்பதற்கு அதுதான் சரி.

நிறக் கண்ணாடியில் பின்வெளிச்சம் விட்டால் அறையின் மற்றப் பொருள்களும் அந்த நிறத்தைப் பூசிக்கொள்ளும். வெள்ளைச் சுவரில் விழும் நிறநிழலையும் வடிவமைப்பின் பகுதியாகக் கணக்கில் எடுங்கள்.

ஆறாம் படி: பக்கத்தில் என்ன, உள்ளே என்ன

கண்ணாடி தனியாக நின்றால் ஒரு சொல். பக்கத்தில் ஒன்று வந்தால் வாக்கியம். கடிகாரம் வந்தால் நேரம் ஓடுகிறது. திறந்த புத்தகம் வந்தால் தெளிவு. மெழுகுவர்த்தி வந்தால் ஒளி, அணைந்த மெழுகுவர்த்தி வந்தால் முடிவு. ஒரு துணைப்பொருள் போதும், இரண்டுக்கு மேல் வேண்டாம்.

பூவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மண்ஜாடியில் பூ வைத்தால் பூ மட்டும் தெரியும். கண்ணாடியில் வைத்தால் காம்பும் தெரியும், காம்பில் ஒட்டிய சின்னச் சின்னக் காற்றுக்குமிழ்களும் தெரியும். நீர்மட்டத்தில் காம்பு முறிந்ததுபோல் விலகி, தண்ணீருக்குள் தடித்துத் தெரியும். நாலாவது நாள் தண்ணீர் கலங்கும். மலர்ச்சியும் வாடலும் ஒரே பாத்திரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன, மேலே ஒரு கதை, கீழே ஒரு கதை. நிலையாமையைச் சொல்ல மண்டையோடு தேவையில்லை. வெட்டிய ஒரு கிளையும் தண்ணீரும் போதும்.

எழுத்தையும் துணையாக்கலாம். பிரான்ஸின் நான்சி நகரில் எமில் காலே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவிதை வரிகளைச் செதுக்கிய ஜாடிகளைச் செய்தார். "பேசும் கண்ணாடி" என்றே அவற்றை அழைத்தார்கள். 1871இல் ஜெர்மனியிடம் பறிகொடுத்த அல்சேஸ்-லொரேன் நிலப்பகுதியின் வலியை முள்ளுச்செடியையும் லொரேன் சிலுவையையும் கொண்டு கண்ணாடியில் சொன்னார். நீங்கள் எழுத்துச் செதுக்கினால் நாலைந்து சொற்களோடு நிறுத்துங்கள். கண்ணாடியின் பின்பக்க எழுத்து முன்பக்கம் தலைமாறித் தெரியும் என்பதையும் முதலிலேயே யோசித்துவிடுங்கள்.

ஏழாம் படி: வரைவது

கண்ணாடியை வரையத் தொடங்குபவர் அதை ஆப்பிளைப் போல வரைவார்: வெளிச்சம் வரும் பக்கம் வெளுப்பு, எதிர்ப்பக்கம் இருட்டு. தண்ணீர் உள்ள குடுவையில் இது தலைகீழ். வெளிச்சம் இடமிருந்து வந்தால், இடத்தோளில் ஒரு சின்ன, கூர்மையான ஒளிப்பொட்டு இருக்கும், அவ்வளவுதான். அதைச் சுற்றிய பகுதி அடர்ந்திருக்கும். வெளிச்சம் நீரின் ஊடாகப் போய்க் குவிவது வலது பக்கத்தில். அங்கேதான் வயிறு வெளுத்து ஒளிரும். ஒருமுறை ஓர் அழைப்பிதழுக்காகக் குடுவை வரைந்தபோது, எத்தனை திருத்தியும் அது ரப்பர் பந்தாகவே இருந்தது. கடைசியில் நிஜக் குடுவையை மேசையில் வைத்து அரைமணி நேரம் பார்த்த பிறகுதான் இந்த வித்தியாசம் பிடிபட்டது. வலது பக்கத்தை வெளுத்ததும் படத்தில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்து நீள்வட்டங்கள். மேலிருந்து பார்க்கும் கோணத்தில் வாயின் நீள்வட்டம் ஒடுங்கியும், நீர்மட்டம் அதைவிட அகன்றும், அடிப்பாகம் இன்னும் உருண்டும் இருக்க வேண்டும். கண்மட்டத்திலிருந்து கீழே போகப் போக வட்டம் திறக்கும். நீள்வட்டத்தின் ஓரங்கள் கூராக முடியக் கூடாது, எப்போதும் வளைய வேண்டும். கண்ணாடிக்குத் தடிமன் உண்டு, ஆகவே வாய்க்கு இரண்டு கோடுகள்.

துணியிலோ தாளிலோ திரும்பத் திரும்ப வரும் அலங்கார உருவமாக ஆக்க வேண்டுமானால் மூன்றே மூன்று கோடுகளை வைத்துக்கொள்ளுங்கள்: வெளிக்கோடு, நீர்மட்டக் கோடு, ஒரு ஒளிப்பொட்டு. இதில் எதை எடுத்தாலும் இழப்பு தெரியும். நாலாவதாக எதைச் சேர்த்தாலும் சிறிதாக அச்சிடும்போது அடைத்துக்கொள்ளும். வரிசையில் எல்லாக் குடுவையும் ஒரே நீர்மட்டத்தோடு இருந்தால் அமைதி. மட்டம் படிப்படியாக இறங்கினால் கதை நகரும். இறங்கிக்கொண்டே போய்க் கடைசிக் குடுவையில் பூ வைத்த ஒரு வடிவம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

எட்டாம் படி: கதையைச் சரிபார்ப்பது

ரோமானியக் கல்லறைகளில் கிடைத்த நீண்ட கழுத்துள்ள சின்னக் கண்ணாடிக் குப்பிகளை நெடுங்காலம் கண்ணீர்க் குப்பிகள் என்று அழைத்தார்கள். துக்கம் அனுசரித்தவர்கள் கண்ணீரைச் சேகரித்து இறந்தவரோடு புதைத்தார்கள் என்று கதை. உண்மையில் அவை வாசனை எண்ணெயும் தைலமும் வைத்தவை. கதை பொய் என்றாலும் மனதைத் தொடுகிறது, மறுக்கவில்லை. அதற்காகச் சுவரில் ஒரு குறிப்பெழுதி வைக்கும்போது "ரோமானியர்கள் கண்ணீரை இதில் சேர்த்தார்கள்" என்று எழுதக் கூடாது. "கண்ணீர்க் குப்பி என்று பிற்காலத்தவர் அழைத்தார்கள்" என்று எழுதினால் உணர்வும் குறையாது, உண்மையும் நிற்கும். குறியீட்டை வைத்து வேலை செய்பவருக்கு இந்தப் பொறுப்பு உண்டு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பிறகு, அமைத்து முடித்ததைக் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, இரவு விளக்கில் ஒருமுறை பாருங்கள். முதல் படியில் தாளில் எழுதிய சொல் மூன்று நேரத்திலும் நிற்கிறதா? ஒரு நேரத்தில் மட்டும் நிற்கிறது என்றால் குடுவையை மாற்ற வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். பெரும்பாலும் ஒரு முழம் நகர்த்தினாலே சரியாகிவிடும்.

கடைசியாகப் பராமரிப்பு. தண்ணீர் வற்றும்போது பழைய நீர்மட்டத்தில் ஒரு வெள்ளைக் கோடு படியும். அது நீரில் கரைந்திருந்த உப்புகளின் கறை. நீங்கள் நிறைவு என்று வைத்த குடுவை, இரண்டு வாரத்தில் அந்தக் கோட்டால் குறைந்துபோனது என்று சொல்லத் தொடங்கிவிடும். வினிகரும் வெந்நீரும் சம அளவு கலந்து, கோடு மூழ்கும்வரை ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பழைய, மெல்லிய கண்ணாடியானால் வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீர் போதும். ஒடுங்கிய கழுத்தென்றால் ஒரு பிடி அரிசியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு மெதுவாகச் சுழற்றினால் கை போகாத வயிற்றுப் பகுதியும் தேய்ந்து சுத்தமாகும். அலசி, மெல்லிய துணிமேல் கவிழ்த்து, உள்ளே ஒரு சொட்டும் இல்லாமல் உலர்ந்த பிறகு மறுபடி ஜன்னல் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள்.